கோரிங் கணவாய் நடைவழிகள்

கோரிங் கணவாய் நடைவழிகள் என்பவை தென் இங்கிலாந்தில் தேம்ஸ் ஆறு தாழ்ந்த குன்றுத்தொடர் ஒன்றை ஊடறுத்துச் செல்லும் இடத்தில், ஆற்றங்கரையிலும் குன்றுச் சரிவுகளிலும் அமைந்துள்ள பொது நடைவழிகளின் தொகுதியாகும். ஆற்றின் கிழக்குக் கரையில் ஆக்ஸ்போர்டுஷயரைச் சேர்ந்த கோரிங் என்னும் சிற்றூரும், மேற்குக் கரையில் பெர்க்ஷயரைச் சேர்ந்த ஸ்ட்ரீட்லி என்னும் சிற்றூரும் எதிரெதிரே உள்ளன. இங்கிலாந்தின் தேசிய நடைவழிகளில் இரண்டு, அதாவது தேம்ஸ் நடைவழியும் ரிட்ஜ்வே நடைவழியும், இவ்வூர்களுக்கு இடையிலுள்ள பாலத்தருகே சந்திக்கின்றன.

இவ்வழிகளின் பெரும்பகுதி தனியாருக்கு உரிய வயல்கள், மேய்ச்சல் நிலங்கள், காடுகள் ஆகியவற்றின் ஊடாகச் செல்கிறது. நிலம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருக்கும் உரியதாக இருப்பது இங்கிலாந்து, வேல்ஸ் நாட்டுப்புறங்களின் சிறப்பியல்பு ஆகும். ஆற்றங்கரை வழி சில இடங்களில் கரையை விட்டு விலகிச் சாலையில் ஏறுவதற்கும், கரைக்குக் கரை மாறுவதற்கும் காரணம் நில அமைப்பு மட்டுமன்று. இந்த உரிமையின் வரலாறும் அதற்குக் காரணமாகும்.

அமைவிடம்

கோரிங், ரெடிங் நகருக்கு வடமேற்கே, ரெடிங்குக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் இடைப்பட்ட தேம்ஸ் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. கிழக்கே சில்டர்ன் குன்றுகளும் மேற்கே பெர்க்ஷயர் மேடுகளும் உள்ளன. சில்டர்ன் குன்றுகள் 1965 இலும், பெர்க்ஷயர் மேடுகளை உள்ளடக்கிய வட வெசெக்ஸ் மேட்டுநிலம் 1972 இலும் சிறப்பு இயற்கை எழில் கொண்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2023 நவம்பர் முதல் இத்தகைய பகுதிகள் தேசிய நிலக்காட்சிகள் என அழைக்கப்படுகின்றன.

குன்றுகள் என்றதும் பெரும் உயரத்தை எண்ணிவிடக் கூடாது. சில்டர்ன் குன்றுகளின் மிக உயர்ந்த இடமான ஹாடிங்டன் குன்று 267 மீட்டர் உயரமே உடையது. அதுவும் கணவாயிலிருந்து வெகு தொலைவில், வெண்டோவர் என்னும் ஊரருகே உள்ளது. ஆயினும் ஆறு தாழ்ந்த மட்டத்தில் ஓடுவதாலும் சரிவுகள் செங்குத்தாக இருப்பதாலும் கோரிங் அருகே குன்றுகள் அவற்றின் உண்மை உயரத்தைவிடப் பெரியனவாகத் தோன்றுகின்றன.

உருவாக்கம்

இக்குன்றுகள் சாக் எனப்படும் மென்மையான வெண்ணிறச் சுண்ணப்பாறையால் ஆனவை. கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை, வெதுவெதுப்பான கடலின் அடியில் நுண்ணுயிர்களின் சுண்ண ஓடுகள் படிந்து இப்பாறை உருவானது. இடையிடையே சக்கிமுக்கிக் கற்கள் பதிந்துள்ளன. இவ்வட்டாரத்தின் பழைய வீடுகள், தேவாலயங்களின் சுவர்களில் இக்கற்களைக் காணலாம்.

தேம்ஸ் ஆறு எப்போதும் இன்றைய வழியில் ஓடவில்லை. முன்பு அது கணவாயைக் கடந்தபின் வடகிழக்காகத் திரும்பி, இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ் நகரப் பகுதி வழியாக எசெக்ஸ் நோக்கிச் சென்றது. ஏறத்தாழ 4,50,000 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலியன் பனியுகத்தில் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் அவ்வழியை அடைத்ததால், ஆறு தெற்கே தள்ளப்பட்டு இலண்டன் அமைந்துள்ள இன்றைய பள்ளத்தாக்கை அடைந்தது. இப்பனிப்பாளம் கோரிங் வரை வரவில்லை. கணவாயே அப்பனியுகத்தில்தான் திறந்தது எனச் சில சுற்றுலாக் கையேடுகள் கூறுவதை அப்படியே ஏற்க இயலாது. அதற்கு முன்பே ஆறு இவ்வழியாக ஓடியதற்கு உயர்ந்த இடங்களில் எஞ்சியுள்ள பழைய ஆற்றுச் சரளைப் படிவுகள் சான்றாகும்.

சுண்ணப்பாறை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் குன்றின்மேல் ஓடைகள் அரிது. மழைநீர் பாறைக்குள் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளிப்படுகிறது. ஊர்கள் ஆற்றோரத்திலும் குன்றடியிலும் அமைந்து, குன்றுச்சிகள் காடாகவும் மேய்ச்சல் வெளியாகவும் விடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கோரிங்கின் தெற்கே கேட்காம்ப்டனில் இந்நிலத்தடி நீரை எடுத்து வழங்கும் நீரேற்று நிலையம் ஒன்று உள்ளது.

இழுவைப்பாதையும் ஓடத்துறைகளும்

தேம்ஸ் நடைவழி உலாவுவோருக்காக உருவாக்கப்பட்டதன்று. அதன் அடிப்படை, சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்துச் செல்வதற்காக அமைக்கப்பட்ட இழுவைப்பாதை ஆகும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்றுப் போக்குவரத்தைச் சீர்செய்தபோது இப்பாதை தொடர்ச்சியாக அமைக்கப்பட்டது. ஆனால் கரையோர நிலக்கிழார்கள் சிலர் தம் தோட்டங்களின் முன் குதிரைகள் செல்வதை விரும்பவில்லை. சில இடங்களில் கரை மிகவும் செங்குத்தாக இருந்தது. அத்தகைய இடங்களில் பாதை மறுகரைக்கு மாறியது. குதிரையையும் அதை ஓட்டுபவரையும் ஓடத்தில் ஏற்றி அக்கரையில் விட்டனர்.

கணவாயை ஒட்டிய சில கிலோமீட்டர்களுக்குள் இத்தகைய ஓடத்துறைகள் பல இருந்தன. ஸ்ட்ரீட்லியிலிருந்து வடக்கே செல்லும் பாதை மோல்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் கரையை விட்டு ஓடத்தில் கிழக்குக் கரைக்குச் சென்று, சற்றுத் தொலைவில் லிட்டில் ஸ்டோக்கில் மீண்டும் மேற்குக் கரைக்குத் திரும்பியது. தெற்கே கேட்காம்ப்டனிலும் ஓடத்துறை இருந்தது.

தொடர்வண்டி வந்ததும் சரக்குப் படகுகள் குறைந்தன. 1840 இல் கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை இப்பள்ளத்தாக்கு வழியாகத் திறக்கப்பட்டது. அதன் பொறியாளர் இசாம்பார்ட் கிங்டம் புரூனல் மோல்ஸ்ஃபோர்டிலும் கேட்காம்ப்டனிலும் கட்டிய செங்கற்பாலங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. 1890களில் இவற்றின் அருகே ஒட்டினாற்போல் இரண்டாம் பாலங்கள் எழுப்பப்பட்டு நான்கு தண்டவாளங்களுக்கு இடமளிக்கப்பட்டது. மோல்ஸ்ஃபோர்டு பாலம் ஆற்றைச் சாய்வாகக் கடப்பதால், வளைவுகளின் உட்புறச் செங்கற்கள் திருகலான வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. நடைவழி இதன் அடியிலேயே செல்கிறது. சற்று நின்று மேலே பார்க்கத் தக்க வேலைப்பாடு இது.

குதிரைகள் மறைந்தபின் ஓடங்களும் ஒவ்வொன்றாக நின்றன. ஓடம் நின்ற இடத்தில் நடப்பவரின் வழி ஆற்றங்கரையில் முட்டி நின்றது. தேம்ஸ் நெடுகிலும் நீண்ட நடைவழி வேண்டும் என்ற கோரிக்கை 20ஆம் நூற்றாண்டு முழுவதும் எழுந்தும், 1996 வரை அது முறையாகத் திறக்கப்படாமைக்கு இத்தகைய முறிவுகள் ஒரு முக்கியக் காரணம். சில இடங்களில் புதிய நடைபாலங்கள் கட்டப்பட்டன. ஹர்லி அருகே டெம்பிள் நடைபாலம் 1989 இலும், லெச்லேடு அருகே புளூமர்ஸ் ஹோல் நடைபாலம் 2000 இலும் திறக்கப்பட்டன. மோல்ஸ்ஃபோர்டில் பாலம் எதுவும் கட்டப்படவில்லை. எனவே அங்கு நடைவழி ஆற்றை விட்டு நெடுஞ்சாலையில் ஏறி, ஊரைக் கடந்து, பின்னரே கரைக்குத் திரும்புகிறது. பழைய ஓடப் பயணத்தின் வடு என இதைக் கொள்ளலாம்.

கோரிங்குக்கும் ஸ்ட்ரீட்லிக்கும் இடையே 1837 இல்தான் முதற்பாலம் கட்டப்பட்டது. அதற்கு முன் ஓடமே வழி. 1674 இல் விழாவுக்குச் சென்று திரும்பியோரை ஏற்றிச் சென்ற ஓடம் தடுப்பணையருகே கவிழ்ந்து ஏறத்தாழ 60 பேர் மூழ்கி இறந்தனர். இன்றுள்ள பாலம் 1923 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் நீர்ப்பூட்டும் தடுப்பணைகளும் பாலத்தின்மேல் நின்றால் ஒருசேரத் தெரியும்.

முக்கிய நடைவழிகள்

கோரிங் முதல் பாங்போர்ன் வரை

தேம்ஸ் நடைவழியின் இப்பகுதி ஏறத்தாழ 6.5 கி.மீ. நீளமுடையது. கோரிங் பாலத்தருகே தொடங்கி, கிழக்குக் கரையின் புல்வெளிகள் வழியாகச் சமதளமாகச் சென்று கேட்காம்ப்டன் இருப்புப்பாதைப் பாலத்தைக் கடக்கிறது. அதன்பின் கரை செங்குத்தாகி விடுவதால் வழி ஹார்ட்ஸ்லாக் காட்டுக்குள் ஏறுகிறது. மரங்களின் இடையே ஆறு வலப்பக்கம் மிகக் கீழே தெரியும். காட்டைக் கடந்ததும் நீரற்ற சிறு பள்ளத்தாக்கு ஒன்றில் சட்டெனக் கீழிறங்கி, உடனே மறுபுறம் ஏற வேண்டும். இப்பள்ளத்தாக்கு பனியுகத்தில் நிலம் உறைந்திருந்தபோது, பாறை நீரை உறிஞ்ச இயலாத நிலையில், உருகிய நீர் மேற்பரப்பில் ஓடி அரித்ததாகும். பனி நீங்கியபின் நீர் மீண்டும் பாறைக்குள் இறங்கிவிட்டது. பள்ளம் மட்டும் எஞ்சியது.

பின்னர் ஊர்ச்சாலை வழியாக விட்சர்ச்சை அடைந்து, அங்குள்ள பாலத்தின் வழியே பாங்போர்னுக்குச் செல்லலாம். விட்சர்ச் பாலம் 1792 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட தனியார் நிறுவனம் ஒன்றுக்குரிய சுங்கப் பாலம் ஆகும். தேம்ஸ் ஆற்றில் தனியார் சுங்கப் பாலங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 2014 இல் பாலம் பழைய தோற்றம் மாறாமல் மீண்டும் கட்டப்பட்டது. வண்டிகளுக்கே சுங்கம், நடப்பவர்கள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

ஸ்ட்ரீட்லி மேடுகள்

ஸ்ட்ரீட்லிக்கு மேலே லார்டன் சேஸ், ஹோலீஸ், லஃப் டவுன் என்னும் புல்மேடுகள் உள்ளன. இவை தேசிய அறக்கட்டளைக்கு உரியவை. ஏற்றம் குறுகியது, ஆனால் மூச்சு வாங்கச் செய்வது. கணவாயின் முழு அமைப்பையும், அதாவது ஆறு, இருப்புப்பாதை, இரு ஊர்கள், எதிர்ப்புறக் காடுகள் ஆகியவற்றை, ஒரே பார்வையில் காண இதுவே ஏற்ற இடம். நேரம் குறைவாக உள்ளவர்கள் நீண்ட ஆற்றங்கரை நடையைவிட இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாலிங்ஃபோர்டு நோக்கி

கோரிங்கின் வடக்கே இரு கரைகளிலும் ஒவ்வொரு தேசிய நடைவழி செல்கிறது. மேற்கே தேம்ஸ் நடைவழி; கிழக்கே ரிட்ஜ்வே. ரிட்ஜ்வே ஏவ்பரி அருகிலுள்ள ஓவர்டன் குன்றில் தொடங்கி ஐவிங்கோ பீக்கன் வரை 139 கி.மீ. செல்வது, 1973 இல் திறக்கப்பட்டது. இது பிரித்தானியாவின் மிகப் பழைய சாலை எனப் பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் வரலாற்றுக்கு முந்திய காலம் முதல் தொடர்ந்து ஒரே சாலையாகப் பயன்பட்டது என்பதைத் தொல்லியலாளர் பலர் ஐயுறுகின்றனர்.

கிழக்குக் கரையில் ரிட்ஜ்வே சவுத் ஸ்டோக், நார்த் ஸ்டோக் ஊர்களைக் கடந்து மாங்வெல்லை அடைகிறது. அங்கிருந்து கிரிம்ஸ் டிச் என்னும் இரும்புக்கால மண் அரணை ஒட்டிக் கிழக்கே திரும்புகிறது. வாலிங்ஃபோர்டு வரை ஒரு கரையில் சென்று மறு கரையில் திரும்பினால் ஒரு முழு நாள் ஆகும். ஒரு வழி மட்டுமே ஏறத்தாழ 11 கி.மீ.

வழியுரிமை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2,25,000 கி.மீ. பொது வழிகள் பதிவு செய்யப்பட்டுள்ளன. 1949 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் மற்றும் நாட்டுப்புற அணுக்கச் சட்டம், ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் எல்லைக்குள் உள்ள பொது வழிகளை வரையறுத்துச் சட்டமுறை வரைபடம் ஆயத்தம் செய்யவேண்டும் என விதித்தது. அவ்வரைபடத்தில் ஒரு வழி இடம்பெற்றிருப்பதே அது பொது வழி என்பதற்கு முடிவான சான்று. அச்சட்டம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுப் போராட்டங்கள் தேவைப்பட்டன. 1932 ஏப்ரல் 24 அன்று டார்பிஷயரின் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி நடந்ததும், அவர்களுள் ஐவர் சிறை சென்றதும் அவற்றுள் நன்கு அறியப்பட்டது.

வழிகள் நான்கு வகைப்படும். வழிகாட்டிக் கம்பங்களில் உள்ள அம்புக்குறியின் நிறத்தால் அவற்றை அறியலாம். மஞ்சள் அம்புக்குறி நடப்பவர்க்கு மட்டும் உரிய வழியைக் குறிக்கும். நீல நிறம் குதிரைவழி. அதில் மிதிவண்டியும் செல்லலாம். ஊதா கலந்த செந்நிறம் இயந்திர வண்டிகள் தவிர்த்த பிறவற்றுக்கும், சிவப்பு எல்லா வண்டிகளுக்கும் திறந்த வழிகளைக் குறிக்கும். தேசிய நடைவழிகளுக்கு ஓக் மரக் கொட்டை வடிவச் சின்னம் உண்டு.

நில உரிமையாளரின் கடமைகளும் சட்டத்தில் நுணுக்கமாக உள்ளன. வயலின் குறுக்கே செல்லும் நடைவழியை உழலாம். ஆனால் விதைப்புக்கான முதல் உழவு நடந்த 14 நாள்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைச் சீர்செய்து தரவேண்டும். பால் இனங்களைச் சேர்ந்த, 10 மாதத்துக்கு மேற்பட்ட காளைகளைப் பொது வழி செல்லும் வேலிக்குள் விடக்கூடாது. பிற இனக் காளைகளைப் பசுக்களுடன் சேர்த்தே விடலாம். வேலியைக் கடக்க உதவும் மரப்படிகளையும் கதவுகளையும் பேணுவது உரிமையாளரின் பொறுப்பு. நடப்பவர் திறந்த கதவை மூடிச் செல்வது வழக்கம்.

எழுத்தில் அனுமதி இல்லாவிடினும் வழியுரிமை ஏற்படலாம். பொதுமக்கள் ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றியும், ஒளிவுமறைவின்றியும், எவரிடமும் அனுமதி கேளாமலும் பயன்படுத்தியிருந்தால், உரிமையாளர் அதைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் கருதும். உரிமையாளர் அவ்வாறு விட்டுக்கொடுக்கும் எண்ணம் தமக்கு இல்லை எனத் தெளிவாகக் காட்டியிருந்தால் இது பொருந்தாது. சில கதவுகளில் 'இது அனுமதியின்பேரில் விடப்பட்ட வழி. பொது வழி அன்று' என எழுதியிருப்பதன் பொருள் இதுவே. அனுமதி வழியை உரிமையாளர் விரும்பும்போது மூடலாம். பொது வழியையோ முறையான சட்ட ஆணை இன்றி மூடவும் இயலாது, திருப்பவும் இயலாது. நீண்ட காலம் எவரும் நடக்காமல் முட்செடி மூடிவிட்டாலும் உரிமை அழிவதில்லை.

ஆனால் வரைபடத்தில் ஏறாத பழைய வழிகளின் நிலை வேறு. 2000 ஆம் ஆண்டின் நாட்டுப்புறம் மற்றும் வழியுரிமைச் சட்டம், 1949க்கு முன்பிருந்தே உள்ள வழிகளைப் பதிவுசெய்ய 2026 ஜனவரி 1 ஐக் கெடுவாக வைத்தது. அதற்குள் பதிவாகாத வழிகளின் உரிமை அற்றுப்போகும் என்பதே இதன் பொருள். நடையர் சங்கம் 2020 இல் தன்னார்வலர்களைக் கொண்டு பழைய வரைபடங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுபட்டிருக்கக்கூடிய வழிகள் ஏறத்தாழ 79,000 கி.மீ. எனத் தெரியவந்தது. இக்கெடுவை நீக்குவதாக 2022 இல் அறிவித்த அரசு, 2023 இல் அதனைக் கைவிட்டுக் கெடுவை 2031 ஜனவரி 1 வரை நீட்டியது. அடுத்து வந்த அரசு அதை முற்றிலும் நீக்கப் போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. விண்ணப்பங்களை ஆராய்வதற்கு உள்ளாட்சி மன்றங்கள் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன என்பதால், கெடு எதுவாயினும் வேலை பெரிது.

2000 ஆம் ஆண்டுச் சட்டம் மலை, தரிசு மேடு, புதர்நிலம், சுண்ணப் புல்மேடு, ஊர்ப்பொது நிலம் ஆகியவற்றில் வழியை விட்டு விலகியும் நடக்கும் உரிமையைத் தந்தது. காடுகளும் ஆற்றங்கரைகளும் அதில் சேரவில்லை. ஆகவே பதிவான வழி இல்லாத இடத்தில் தேம்ஸ் கரையில் நடக்கும் உரிமையும் இல்லை. ஸ்காட்லாந்தில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் பொறுப்புடன் நடமாடும் பொது உரிமை உண்டு.

தாவரங்களும் விலங்குகளும்

ஹார்ட்ஸ்லாக் புல்மேடு இயற்கைக் காப்பகமாகும். குரங்கின் வடிவை ஒத்த பூக்களையுடைய குரங்கு ஆர்க்கிட் பிரித்தானியாவில் மிகச் சில இடங்களிலேயே வளர்கிறது. அவற்றுள் இதுவும் ஒன்று. மே மாதப் பிற்பகுதியில் பூக்கும். இதற்கும் சீமாட்டி ஆர்க்கிட் என்னும் மற்றொரு இனத்துக்கும் பிறந்த கலப்பினம் 2006 இல் இங்கு கண்டறியப்பட்டது. ஆடுகள் மேய்வதால்தான் இப்புல்மேடு புதராகாமல் இருக்கிறது.

வானில் பெரும்பாலும் தென்படுவது பிளவுண்ட வாலையுடைய சிவப்புப் பருந்து. தமிழகத்தில் செம்பருந்து எனப்படும் பறவை இதுவன்று. இது கள்ளப்பருந்தின் நெருங்கிய இனம். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்தில் வேட்டையால் அற்றுப்போன இப்பறவை, 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து கொணர்ந்து சில்டர்ன் குன்றுகளில் விடப்பட்டது. இன்று தலையை உயர்த்தாமலே அதன் சீழ்க்கை ஒலியைக் கேட்கலாம்.

எழுத்தாளர்கள்

ஜெரோம் கே. ஜெரோம் 1889 இல் வெளியிட்ட தேம்ஸ் படகுப் பயண நகைச்சுவை நூலில் ஸ்ட்ரீட்லியும் பாங்போர்னும் இடம்பெறுகின்றன. ஆஸ்கார் வைல்டு 1893 கோடையில் கோரிங்கில் தங்கினார். அவரது நாடகம் ஒன்றின் முக்கிய மாந்தர் கோரிங் பிரபு எனப் பெயர் பெற்றார். சிறுவர் இலக்கிய எழுத்தாளர் கென்னத் கிரகாம் தம் இறுதி ஆண்டுகளைப் பாங்போர்னில் கழித்து 1932 இல் இறந்தார். அகதா கிறிஸ்டி வாலிங்ஃபோர்டை ஒட்டிய வின்டர்புரூக்கில் வாழ்ந்தார். 1976 இல் அருகிலுள்ள சோல்சி ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பயணக் குறிப்புகள்

இலண்டன் பாடிங்டனிலிருந்து ரெடிங் வழியாக வரும் தொடர்வண்டிகள் பாங்போர்ன், கோரிங்-ஸ்ட்ரீட்லி, சோல்சி ஆகிய நிலையங்களில் இந்த வரிசையில் நிற்கின்றன. எனவே ஒரு நிலையத்தில் இறங்கி நடந்து அடுத்த நிலையத்தில் ஏறலாம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. 2010களில் இருப்புப்பாதையை மின்மயமாக்க நிறுவப்பட்ட உயர்ந்த எஃகுச் சட்டங்கள் பள்ளத்தாக்கின் தோற்றத்தைக் கெடுப்பதாக உள்ளூர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மேட்டிலிருந்து பார்க்கையில் அவை தெளிவாகவே தெரியும்.

ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் பொது வழிகள் பச்சைக் கோடுகளாலும், 1:50,000 அளவு வரைபடத்தில் செந்நிறக் கோடுகளாலும் காட்டப்படுகின்றன. குளிர்காலத்தில் தேம்ஸ் பெருகும்போது கரையோர வழி நீரில் மூழ்குவதுண்டு. மழைக்குப்பின் சுண்ணப்பாறைச் சரிவுகள் வழுக்கும். குன்றுச்சியின் களிமண் காலணியில் அப்பிக்கொள்ளும். டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கே கதிரவன் மறைந்துவிடுவதால், ஹார்ட்ஸ்லாக் காட்டை அதற்கு முன்பே கடந்துவிடும்படி புறப்பட வேண்டும்.